வளைவில் உயர்ந்த கை

சைக்கிள் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பல்லுக்காரர் உள்ளே நுழைந்தபோது மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. புது டயரின் ரப்பர் வாசனையும் சங்கிலி எண்ணெயின் வாசனையும் சேர்ந்து முகத்தில் வந்து மோதின. சுவரெங்கும் சக்கரங்கள் தொங்கின. பின்னாலேயே குடையை உதறிக்கொண்டு மைத்துனன் வந்தான்.

"அக்கா, மாப்பிள்ளையக் கூட்டிட்டு வந்துட்டேன். பொண்ணக் காட்டுங்க," என்றான் கடைக்கார அம்மாளிடம்.

பல்லுக்காரர் என்பது மைத்துனனோடு மலையில் சைக்கிள் ஓட்டும் மலைக்கூட்டம் வைத்த பெயர். பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவர் தொழில். காலையிலிருந்து மாலைவரை ஜன்னலில்லாத அறையில், முகம் தெரியாத யாருடைய தாடை அச்சையோ கையில் ஏந்தி மெழுகைச் சுரண்டிக்கொண்டிருப்பார். நாற்பதைத் தாண்டியும் ஓடியாடி அறியாத உடம்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் அவரை இரவல் சைக்கிளில் மலைக்கு இழுத்துப் போனான். வேரும் கல்லும் குலுக்கக் குலுக்கக் காட்டுப் பாதையில் இறங்கி வந்து நின்றவர், காரணமே இல்லாமல் வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து சக்கர அளவைப் பற்றிப் பேசினார். பல் தேய்த்துக்கொண்டே பிரேக்கைப் பற்றிப் பேசினார்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இவ்வளவு விசாரிக்கல," என்றாள் மனைவி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் வாசல்வரை வந்து, "தம்பியைத் தனியா விடாதீங்க. இறக்கத்துல அவனுக்குக் கண்ணு மண்ணு தெரியாது. எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான்," என்றபோது சிரிப்பு இல்லை. தாய் போன பிறகு அவனுக்குச் சோறூட்டித் தலைவாரி ஆளாக்கியவள் அவள்தான்.

கடைக்கார அம்மாள் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒரு காலத்தில் பந்தயம் ஓட்டியவள். முழங்கையில் பழைய தையல் தழும்பு இருந்தது.

"எங்க ஓட்டப் போறீங்கன்னு முதல்ல சொல்லுங்க. தார் ரோட்டுலயும் செம்மண்ணுலயும்னா முன்னால மட்டும் குலுக்கல் தாங்கற ஷாக் வெச்சது போதும். லேசா இருக்கும், ஏத்தத்துல மூச்சு வாங்காது. கல்லுலயும் வேருலயும் இறங்கணும்னா பின்னாலயும் ஷாக் வேணும். முதுகு தப்பிக்கும்."

"முதுகு முக்கியம்க்கா," என்றான் மைத்துனன். "பல்லு போனா அவரே செஞ்சுக்குவார். முதுகு செய்யத் தெரியாது."

சிவப்பில் ஒன்று ஏறிப் பார்த்தார். கை எட்டவில்லை. பச்சையில் ஒன்று, இறங்கும்போது குறுக்குக் கம்பி இடித்தது. மூலையில், துணி போர்த்தி, ஒன்று நின்றது. யாரும் காட்டாமலேயே அவர் போய்த் துணியை விலக்கினார். சாம்பல் நிற வண்டி. ஏறி உட்கார்ந்தார். இருக்கையின் உயரம், கைப்பிடியின் அகலம், பிரேக்குக்கு விரல் போய்ச் சேரும் தூரம், எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அளவெடுத்துக் கட்டிய பல் ஈறில் போய் உட்காருவதுபோல உட்கார்ந்தது.

கடைக்கார அம்மாள் விலகிய துணியை எடுத்து மடித்தாள்.

"அது பழைய வண்டி. சொல்லிட்டுத்தான் விக்கணும். இதை ஓட்டின பையன் மலையிலயே போயிட்டான். அவங்க அம்மா கொண்டுவந்து விட்டாங்க. 'என் மகன்தான் இறங்கி வரல, இந்த வண்டியாவது ஏறி இறங்கட்டும், நிறுத்தி வைக்காதீங்க'ன்னு சொன்னாங்க."

"பேய் ஓட்டின வண்டியா?" என்றான் மைத்துனன். "ஷாக்குக்கு நல்லதுதானே. வெயிட்டே இருந்திருக்காது."

யாரும் சிரிக்கவில்லை. பல்லுக்காரருக்கு அந்தத் தாயின் சொல் நெஞ்சில் தைத்தது. ஒரு பெற்றவளின் ஆசைதானே, நம்மால் முடிந்தது ஏறி இறங்குவது என்று நினைத்தார். வண்டியை எடுத்துக்கொண்டார்.

கடைக்கார அம்மாள் அவர் எடைக்கு ஏற்றபடி ஷாக்குகளில் காற்றடித்தாள். முன்சக்கரத்தைத் தாங்கி அமுங்கும் ஃபோர்க்கின் பளபளக்கும் தண்டில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருந்தது. அதைக் கீழே தள்ளிவிட்டு அவரை ஏறி உட்காரச் சொன்னாள். ஃபோர்க் அமுங்க, வளையம் மேலே தள்ளப்பட்டது. அவர் இறங்கியதும் ஃபோர்க் பெருமூச்சு விட்டு நிமிர்ந்தது. வளையம் மட்டும் போன இடத்திலேயே நின்றது. அந்த இடத்தில் வெள்ளை மையால் கோடு போட்டாள்.

"இதுதான் உங்க எடை. எப்ப உக்காந்தாலும் வளையம் இங்கதான் வரணும். அதிகமா ஏறினா காத்து இறங்கிடுச்சுன்னு அர்த்தம். வளையம் பொய் சொல்லாது."

*

அந்த வாரமே மலைக்குப் போனார்கள். ஏறும்போது வண்டி இறகாக இருந்தது. இறக்கத்தில் மைத்துனன் முன்னால் பறக்க, அவர் பிரேக்கைத் தடவித் தடவிப் பின்தொடர்ந்தார். பாதி மலையில் பாதை ஒரு பெரிய பாறையைச் சுற்றிக் கூர்மையாகத் திரும்பும். பாறையின் நிழலில் எப்போதும் ஈரம். அழுகிய இலையின் வாசனை.

அந்த வளைவைத் தாண்டியதும் வண்டி கனத்தது.

பெடல் கற்களில் இடிக்கத் தொடங்கியது. ஏறும்போது இடிக்காத பெடல். வண்டி மொத்தமும் தாழ்ந்து, தரையோடு தரையாகப் போவதுபோல இருந்தது. பின்கழுத்தில் குளிர்ந்த காற்று பட்டது. முகத்தில் எதிர்காற்று அடிக்கும்போது பின்கழுத்தில் எப்படிக் காற்று வரும் என்று அவர் அப்போது யோசிக்கவில்லை.

காற்று கசிகிறது என்று நினைத்தார். வீட்டுக்கு வந்து, நடைவழிச் சுவரில் வண்டியைச் சாய்த்து, வளையத்தைக் கீழே தள்ளி, ஏறி உட்கார்ந்து பார்த்தார். வளையம் வெள்ளைக் கோட்டில் மிகச் சரியாக வந்து நின்றது. கசிவில்லை. திரும்பக் கீழே தள்ளிவிட்டுப் போய்ப் படுத்தார்.

காலையில் வளையம் மேலே ஏறியிருந்தது.

வெள்ளைக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. மனைவியை ஏறி உட்காரச் சொன்னார். திட்டிக்கொண்டே உட்கார்ந்தாள். அவள் எடைக்கு வளையம் பாதியைக்கூடத் தொடவில்லை. வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவரைவிடச் சற்று எடை குறைந்த, அவளைவிட நன்றாக எடை கூடிய ஒருவர் இந்த வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

மறுநாளும் வளையம் அதே உயரத்தில் நின்றது.

அதற்கு மறுநாளும்.

பல்லுக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்கார அம்மாள் வளையத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மலையில நமக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு இல்ல? வழியில யாராவது நின்னுட்டிருந்தா, போறவன் 'ஒண்ணும் இல்லையே?'ன்னு கேப்பான். நிக்கறவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான். இவனும் பதிலுக்குக் கையத் தூக்கிட்டுப் போயிடுவான்."

"ஆமா. நல்ல பழக்கம்தானே?"

"நல்ல பழக்கம்தான். அன்னிக்குப் பனிமூட்டம். பாறை வளைவுல பையன் விழுந்து தொடை எலும்பு உடைஞ்சுபோச்சு. பாறையில சாஞ்சு உக்காந்துட்டான். நெஞ்சுலயும் அடி, சத்தம் போட முடியல. வர்றவங்களைப் பாத்துக் கையத் தூக்கியிருக்கான். அஞ்சு விரலையும் விரிச்சு, வாங்கன்னு கூப்பிட்டிருக்கான். எடுத்தப்பவும் விரல் விரிஞ்சபடியேதான் இருந்துச்சு. மூட்டத்துல கை தெரிஞ்சுது, விரல் தெரியல." அவள் குரல் தாழ்ந்தது. "ஓய்வெடுக்கறான்னு நினைச்சு எல்லாரும் பதிலுக்குக் கையத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. யாரும் கெட்டவங்க இல்ல சார். ஒருத்தர்கூடக் கெட்டவங்க இல்ல."

கெட்டவர்கள் யாருமே இல்லாமல் ஒரு பிள்ளை செத்துப்போக முடியும் என்பதுதான் பல்லுக்காரரை மிகவும் நடுங்க வைத்தது.

"வண்டியத் திருப்பி எடுத்துக்கட்டுமா?" என்றாள்.

"யோசிச்சுச் சொல்றேன்."

*

யோசித்து முடிப்பதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. மைத்துனன் ஹெல்மெட்டோடு வாசலில் நின்றான்.

"மச்சான், இன்னிக்கு வேணாமே. மூட்டமா இருக்கு."

"வளையம் ஏறுது, எறும்பு ஏறுதுன்னு வீட்லயே உக்காருங்க மாமா. நான் போயிட்டு வரேன்."

உள்ளிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். சொல்ல வேண்டியதை முன்பே சொல்லியிருந்தாள். பல்லுக்காரர் கடவுளை நினைத்துக்கொண்டு சாம்பல் நிற வண்டியை எடுத்தார்.

மலை உச்சியில் பிற்பகல் வெளிச்சம் பால்போல் வெளுத்திருந்தது. நாலு மரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மைத்துனன் இறங்கத் தொடங்கினான். அவன் பின்சக்கரத்தின் டிக்டிக் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு மூட்டம் அதையும் விழுங்கியது.

"மெதுவாப் போ மச்சான்!"

இலைகளிலிருந்து நீர் சொட்டியது. பிரேக் சூடேறிய இரும்பு வாசனை அடித்தது. பிறகு, அதன் மேலேயே, அழுகிய இலையின் வாசனை.

பாறை வளைவு.

முன்னால், மூட்டத்துக்குள், மைத்துனனின் முதுகு ஒரு கணம் தெரிந்தது. அவன் இடப்பக்கம் யாரையோ பார்த்துக் கையைத் தூக்கினான். தூக்கிய கையோடே வளைவில் மறைந்தான்.

பல்லுக்காரர் இடப்பக்கம் பார்த்தார்.

பாறையில் சாய்ந்து ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

ஹெல்மெட் மார்பில் கவிழ்ந்திருந்தது. ஒரு கால் போகக்கூடாத திசையில் போயிருந்தது. வலது கை மட்டும் மெல்ல, மிக மெல்ல, மேலே எழுந்தது.

போய்விடு என்றது உடம்பு முழுவதும். விரல்கள் பிரேக்கை விட்டன. வண்டி உருண்டது. இறக்கம்தானே, அதுவே கொண்டுபோய்விடும். ஒரு கையைத் தூக்கிக் காட்டினால் போதும். எல்லாரும் அப்படித்தான் போனார்கள்.

அவர் பிரேக்கை அழுத்தினார்.

நின்றது. சக்கரத்தின் சத்தமும் நின்றது. காடே காது கொடுத்துக் கேட்பதுபோல இருந்தது.

"ஒண்ணும் இல்லையே?" என்றார்.

கை அப்படியே நின்றது.

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் போனார். ஒவ்வொரு அடிக்கும் குளிர் ஏறியது. நெருங்கியபோதுதான் தெரிந்தது. கட்டைவிரல் மட்டும் நிற்கவில்லை. ஐந்து விரல்களும் விரிந்திருந்தன.

"கடவுளே," என்றார். பிறகு, பெற்ற பிள்ளையிடம் பேசுவதுபோல, "எந்திரிங்க தம்பி. ரொம்ப நேரம் காத்திருந்துட்டீங்க. கீழ கொண்டுபோய் விடறேன், ஏறிக்குங்க," என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். திறந்தபோது பாறையடியில் யாரும் இல்லை.

ஃபோர்க் அமுங்கியது.

இன்னும் அமுங்கியது.

பின்கழுத்தில் குளிர்ந்த மூச்சு. அது விட்டு விட்டு வந்தது. நெஞ்சில் அடிபட்டவன் விடும் மூச்சு. பல்லுக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. பெடல் கற்களில் இடிக்க இடிக்க, கண்ணீர் வழிய, அங்குலம் அங்குலமாக இறங்கினார்.

ஓடைப் பள்ளத்தின் ஓரத்தில், ஒரு சின்னத் திருப்பத்தில், வண்டி சட்டென்று இறகானது.

யாரோ இறங்கிவிட்டார்கள்.

அவர் நின்றார். நின்றதால்தான் கேட்டது. பள்ளத்துக்குள், தலைகீழாகக் கிடந்த ஒரு சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. டிக். டிக். டிக். கண்ணுக்குத் தெரியாமல் யாரோ விரலால் தள்ளிச் சுற்றுவதுபோல, நிற்கப் போய் மறுபடி சுற்றியது.

புதருக்கு மேலே மைத்துனனின் இடது கை தெரிந்தது. உயர்ந்து, விரல்கள் எதையோ பற்றியதுபோல மூடியிருந்தது. பற்றியிருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

அவன் கண் திறந்திருந்தது. இடுப்புக்குக் கீழே ரத்தம்.

"கையத் தூக்கினேன் மாமா... ஒரு கைல ஹாண்டில்... கல்லு..."

"பேசாத மச்சான். நான் வந்துட்டேன்."

தன் சட்டையைக் கிழித்துக் கட்டினார். தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. மேலே பாதைக்கு ஏறி ஓடினார். மூட்டத்துக்குள் ஒரு வண்டி வரும் சத்தம் கேட்டது. இரு கைகளையும் தூக்கி ஆட்டினார். கத்த வாயெடுத்தார், ஓடிய மூச்சில் காற்றுதான் வந்தது.

வந்தவன் சிரித்தபடி கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டான்.

அடுத்து வந்த பெண்ணும் கையைத் தூக்கினாள். போய்விட்டாள்.

பல்லுக்காரர் ஒரு கணம் அந்தப் பையனாகவே நின்றார். பிறகு சாம்பல் நிற வண்டியைத் தூக்கிப் பாதையின் குறுக்கே போட்டு, அதன் பக்கத்தில் தானும் படுத்துக்கொண்டார்.

மூன்றாவதாக வந்தவர்கள் நின்றார்கள். நிற்காமல் வழியில்லை.

*

மைத்துனன் பிழைத்தான். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் ரத்தமே இல்லாமல் போயிருக்கும் என்றார் மருத்துவர். மனைவி கணவரின் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

மயக்கம் தெளிந்த அன்று மைத்துனன் கிசுகிசுத்தான்.

"உங்களுக்கு முன்னாடியே ஒருத்தன் வந்தான் மாமா. பக்கத்துல உக்காந்தான். கையப் பிடிச்சுக்கிட்டான். ஐஸ் மாதிரிக் கை. 'தூங்காத, தூங்காத'ன்னு சொல்லிட்டே இருந்தான். யாரு மாமா அது?"

"நல்லவங்க யாரோ," என்றார் பல்லுக்காரர்.

அதைச் சொல்லும்போது அவர் முழு மனதோடுதான் சொன்னார். கேட்பாரற்றுக் கிடந்தவனுக்குத்தானே கிடப்பவனின் வலி தெரியும். ஒருவர் நின்று கேட்ட ஒரு வார்த்தைக்கு அவன் ஓர் உயிரைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

நடைவழியில் வளையம் அதன் பிறகு ஏறவில்லை. தினமும் காலையில் குனிந்து பார்ப்பார். கீழேயே இருக்கும். பையன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று கைகூப்புவார். மலைக்கூட்டத்தில் சொல்லி ஒரு புது வழக்கமும் கொண்டுவந்தார். இனி யாரும் தூரத்திலிருந்து கேட்டுவிட்டுப் போகக்கூடாது. நின்று, பக்கத்தில் போய், முகம் பார்த்துக் கேட்க வேண்டும். வேகமாகப் போகிறவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் நின்றார்கள்.

மைத்துனன் தேறும்வரை அக்காள் வீட்டில்தான் இருந்தான். முறிந்த கால் எலும்பு கூடியது. இடது கை மட்டும் சூடேறவில்லை. நரம்புக் கோளாறு என்றார்கள். சில விடியற்காலைகளில் அவன் அரைத்தூக்கத்தில், "அம்மா வீட்டுக்கு எப்பப் போறோம்?" என்பான். அக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். அவர்களுடைய அம்மா இறந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. மருந்தின் மயக்கம் என்று சொல்லிக்கொண்டாள்.

ஊன்றுகோலை வைத்துவிட்ட மாலை, அவன் நடைவழியில் சாம்பல் நிற வண்டியருகே நின்றான்.

"ஒரே ஒரு தடவை உக்காந்து பாக்கறேன் மாமா. ஓட்டல. அக்காகிட்டச் சொல்லிடாதீங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். படுக்கையில் கிடந்து இளைத்து எலும்பும் தோலுமாகியிருந்த உடம்பு.

ஃபோர்க் அமுங்கியது. வளையம் மேலே போனது. வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. தாண்டியும் போனது. தண்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே போய் நின்றது.

பல்லுக்காரர் இன்னொரு முறை குனிந்து வளையத்தைப் பார்த்தார்.

"மச்சான்... ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல மாமா. ஜம்முனு இருக்கு!" மைத்துனன் சிரித்துக்கொண்டே வலது கையின் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். சிரிப்பு அவனுடையது. குரலும் அவனுடையது.

அவனுடைய இடது கை கைப்பிடியிலிருந்து மெல்ல எழுந்தது.

ஐந்து விரல்களும் விரிந்திருந்தன.

அந்தக் கை எழுந்ததை அவன் கவனிக்கவே இல்லை.

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. ஈர இலையின் வாசனை நடைவழியை நிறைத்தது. ஓடலாம். வாசல் பக்கத்தில்தான் இருந்தது. பல்லுக்காரர் இரண்டடி முன்னால் வைத்து, அந்தக் கையைத் தன் இரு கைகளுக்குள் வாங்கிக்கொண்டார். குளிர் முழங்கைவரை ஏறியது.

"என்ன மாமா கையெல்லாம் பிடிக்கறீங்க? நான்தான் பொண்ணா?" என்று சிரித்தான் மைத்துனன். கையை உருவிக்கொண்டான். வண்டியை விட்டு இறங்கினான். "அக்கா, பசிக்குது," என்று கூவியபடி, லேசாக நொண்டிக்கொண்டு உள்ளே போனான். அவன் இடது கை சுவரைத் தடவிக்கொண்டே போனது, பல மாதங்களுக்குப் பிறகு விரல் நுனிகளில் ரத்தச் சிவப்போடு.

பல்லுக்காரர் வண்டியைப் பார்த்தார். சாய்ந்திருந்த வண்டியில் யாரும் இல்லை.

ஃபோர்க் நிமிரவில்லை.

வெகுநேரம் நின்றார். பிறகு கைப்பிடியைப் பற்றி, இருக்கையின் பக்கம் குனிந்து, யார் காதுக்கோ சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"அம்மா வீடு எங்கன்னு கடைக்கார அம்மாவுக்குத் தெரியும். வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

அமுங்கிக் கிடந்த ஃபோர்க், ஒரு பெருமூச்சோடு, இன்னும் கொஞ்சம் அமுங்கியது.